பெரிய தலை டொலர்

நூறு டொலர் தாளில் இருக்கும் மனிதரின் பெயர் தவநாயகிக்குத் தெரியாது. ஆனால் அவருடைய தலை சிறிதாக, நடுவில், ஒரு முட்டை வட்டத்துக்குள் இருந்தால் அது பழைய தாள் என்பதும், தலை பெரிதாக, சற்று இடப்பக்கம் தள்ளி இருந்தால் அது ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த புதிய தாள் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தடி தூரத்தில், கண்ணாடிக்கு அப்பால், காசாளர் பெண் இழுப்பறையிலிருந்து எடுக்கும்போதே சொல்லிவிடுவாள். ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவளுடைய வாழ்க்கை அந்தத் தலையின் அளவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. லண்டன் பாடிங்டனில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை. ஒரு ஷிப்டுக்குப் பதினான்கு அறை. டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் குடியிருந்தாள். கணவர் பத்மநாதன், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், மொஸ்கோவுக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் இன்னும் பதினொரு பேரோடு பதினெட்டு மாதமாகக் கிடந்தார்.

இருவரும் ஒன்றாகத்தான் கொழும்பில் விமானம் ஏறினார்கள். மொஸ்கோவில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒரு குடும்பத்தை லண்டனுக்கு அனுப்ப ஒழுங்கு செய்திருந்தான். அந்தக் குடும்பத்தில் புருஷன் இருந்தான், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், பெண்சாதியின் இடம் மட்டும் காலியாக இருந்தது. "நீர் முதல் போம். ரெண்டு கிழமையிலை நான் பின்னாலை வாறன்" என்றார் பத்மநாதன். யாரோ ஒருவரின் மனைவியாக அவள் ஹீத்ரோவில் வந்து இறங்கினாள். இரண்டு கிழமை பதினெட்டு மாதமானது. ஏஜென்சிக்காரன் இருமுறை மாறினான். வீட்டுக்காரன், வாடகைப் பாக்கி ஆயிரம் டொலர் வரும்வரை என்று, பத்மநாதனின் பாஸ்போட்டை எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் தவநாயகி டெலிபோன் கார்ட் வாங்கி அந்த வீட்டுக்குக் கதைப்பாள். அப்படி ஒரு ஞாயிறு, புரட்டாதி முடிகிற நேரம், பத்மநாதன் கணக்கைச் சொன்னார். மார்கழி முதல் திங்கட்கிழமை ஒரு குறூப் லண்டனுக்கு வெளிக்கிடுகிறது. வீட்டுக்காரனுக்கு ஆயிரம், ஏஜென்சிக்கு ஆயிரத்து அறுநூறு. இரண்டும் வேண்டும். வீட்டுக்காரனுக்குக் கொடுக்காமல் வாசலைத் தாண்ட முடியாது. ஏஜென்சிக்குக் கொடுக்காமல் வாசலைத் தாண்டியும் பயனில்லை.

"காசு சேத்துப்போட்டன்" என்றாள் தவநாயகி. சேர்த்த சம்பளத்தோடு, நூற்றைம்பது பவுண் தள்ளிச் சீட்டையும் எடுத்திருந்தாள். "எப்பிடி அனுப்பிறது?"

"ஆளிட்டைத்தான் குடுத்து விடவேணும். காசு அனுப்பிற கொம்பனியாலை அனுப்பினா இஞ்சை எடுக்கப் பாஸ்போட் கேப்பாங்கள். நூறு டொலர் தாளாய் வேணும், நாயகி. பெரிய தலை. சின்னத் தலையை இவங்கள் கையாலையும் தொடாங்கள்."

"தலையிலை என்ன இருக்கு?"

"அதை என்னட்டைக் கேளாதையும். உம்மடை கொப்பர் என்ரை தலையைப் பாத்தே உம்மைத் தந்தவர்?"

அந்தப் பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. அந்த வீட்டில் ஒருவர் கதைத்தால் பன்னிரண்டு பேரும் கேட்பார்கள்.

கொண்டுபோக ஆள் இருந்தது. தோர்ண்டன் ஹீத்தில் இருந்த இராஜேந்திரன், இலங்கைத் தேயிலையை மொஸ்கோவுக்கு விற்பவர்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வருவார். பிரிட்டிஷ் பாஸ்போட் உள்ளவர். அங்கே அடைபட்டுக் கிடந்த பலருக்கு அவர்தான் தபால்காரர். முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கொண்டு போறது என்ரை பொறுப்பு, தங்கச்சி. மாத்திறது உங்கடை பொறுப்பு. எல்லாருக்கும் நான் என்ரை பேரிலை டொலர் வாங்க வெளிக்கிட்டா நாளைக்கு என்ரை பிசினஸையே தோண்டிப் பாப்பாங்கள்."

மாற்றுவது பெரிய வேலையா என்றுதான் அவள் நினைத்தாள். லண்டனில் தெருவுக்குத் தெரு காசு மாற்றும் கடை. கண்ணாடியில் எல்லா நாட்டுக் கொடியும் ஒட்டி, கொமிஷன் இல்லை என்று எழுதியிருப்பார்கள். முதல் நாள் ஒரு வங்கிக்குப் போனாள். கணக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, சம்பளம் உறையில்தான் வருகிறது. பாஸ்போட்? அவள் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, அகதி விண்ணப்பத்துக்கு ஹோம் ஒபிஸ் தந்த கடிதத்தை எடுத்தாள். ஒரே ஒரு தாள், மூலையில் அவளுடைய படம், நாலாக மடித்த தடம். காசாளர் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது பாஸ்போட் இல்லையே என்றாள். என் சொந்தப் பாஸ்போட் உங்கள் அரசாங்கத்திடம்தான், ஒரு கோப்புக்குள் இருக்கிறது என்று சொல்லத் தவநாயகிக்கு நல்ல தமிழ் இருந்தது, இங்கிலீஷ் இல்லை. "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காசு மாற்றும் கடைகளிலும் இதே கதை. ஒருவன் இருபது டொலர் தாளாகத் தருகிறேன் என்றான். இன்னொருவன் நூறு டொலர் தாள்களை நீட்டினான். எல்லாம் சின்னத் தலை. விக்டோரியாவில் ஒரு கடைக்காரன் அவள் எண்ணி வைத்த பவுண்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். கழுவிய கக்கூஸ்களிலிருந்து வந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

கடைசியில் சரோஜினியிடம் போய் நின்றாள். சரோஜினி ஹோட்டலில் அவளுடைய சூப்பர்வைசர். மலேசியாவில் ஈப்போக்காரி, நர்ஸ் படிப்புக்கு வந்து இங்கேயே கலியாணம் செய்து தங்கிவிட்டவள். வயதில் இளையவள் என்பதால் தவநாயகியை அக்கா என்பாள்.

"என்னக்கா நீங்க, ஒரு மாசமா இப்பிடியா அலைஞ்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றாள் சரோஜினி. பிறகு கொஞ்சம் யோசித்தாள். "என் பாஸ்போர்ட்ல வாங்கறேன். ஆனா எதுக்குன்னு எனக்குச் சொல்லாதீங்க. தெரியாம இருந்தா நல்லது."

சாப்பாட்டு இடைவேளைகளில் இருவரும் போனார்கள். ஒரே நாளில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் நாலு பெரிய தலை, இன்னொன்றில் ஏழு, வேறொன்றில் ஒன்றுமே இல்லை. காசாளர் தாள்களை நீட்ட, தவநாயகி ஒவ்வொன்றாகப் பார்த்து, மடிப்பு இருப்பதையும் பேனைக் கோடு இருப்பதையும் திருப்பித் தள்ளினாள்.

"மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்கக்கா" என்று சரோஜினி அவள் காதுக்குள் சொன்னாள். "அந்தாளு மூஞ்சியப் பாருங்க, அழுதிடுவான்."

மூன்று கிழமையில் இருபத்தாறு தாள் சேர்ந்தது. தவநாயகி அவற்றை ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். ஒரு மடிப்பு இல்லை. ஒரு கீறல் இல்லை.

இராஜேந்திரன் சனிக்கிழமை மத்தியானம் பறக்கிறார். காசை வியாழக்கிழமை பின்னேரம் கொடுப்பதாகப் பேச்சு. வியாழன் காலை அவளுக்கு வேலை இல்லை. முழுகினாள். ஜன்னல் விளிம்பில் வெஸ்ட் ஈலிங் கோயிலில் வாங்கிய துர்க்கை அம்மன் படம் இருந்தது; அதற்கு விளக்கேற்றினாள். தாள்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒழுங்காக அடுக்கிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பிறகு, கலியாணக் கடிதத்துக்குச் செய்வதுபோல, சாதகக் குறிப்புக்குச் செய்வதுபோல, ஒரு நல்ல காரியத்துக்கு வீட்டை விட்டுப் போகிற எந்தக் கடதாசிக்கும் அவள் செய்து பழகியதுபோல, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, கட்டை இறுக்கிப் பிடித்து, நாலு மூலைக்கும் தொட்டு வைத்தாள். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கை தானாகச் செய்தது. மனமும் நிறைந்திருந்தது.

தோர்ண்டன் ஹீத்தில் இராஜேந்திரனின் மனைவி செல்வமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இராஜேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்தார். முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். எல்லாவற்றையும் விசிறிபோல விரித்தார். ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் ஓர் அரிசி அளவு மஞ்சள் ஊறியிருந்தது.

"இதென்ன, தங்கச்சி?"

"மஞ்சள், அண்ணை. சாமிக்கு வச்சு எடுத்தனான்."

இராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "இது கலியாணக் கடிதம் எண்டு நினைச்சியளோ? அங்கை பேனையாலை ஒரு புள்ளி இருந்தா வாங்காங்கள். போன முறை ஒருத்தற்றை தாளிலை சின்னக் கறள். ஸ்டேப்பிள் பின் குத்தினது. அதை அவன் என்ரை முகத்திலை எறிஞ்சவன். இது இருபத்தாறும் மஞ்சள்."

"இது நல்ல காசுதானே, அண்ணை? இஞ்சை பாங்கிலை குடுத்தா எடுப்பாங்கள்தானே?"

"இஞ்சை எடுப்பாங்கள். அமெரிக்காவிலை எடுப்பாங்கள். அவர் இருக்கிறது மொஸ்கோவிலை."

செல்வமலர் ஒரு தாளை எடுத்து மூலையை முகர்ந்து பார்த்தாள். "லெமன் பூசித் தேய்ச்சா?" என்றாள்.

"தேய்ச்சா ஓட்டை விழும். சும்மா இரும்."

தவநாயகி தேத்தண்ணியைத் தொடவில்லை. சீட்டெடுத்தபோது தள்ளிய நூற்றைம்பது பவுண், ஒரு மாத அலைச்சல், சரோஜினியின் பாஸ்போட், எல்லாம் மேசையில் விரிந்து கிடந்தன. அவளுடைய விரல் நுனியில் இன்னும் மஞ்சள் இருந்தது.

இராஜேந்திரன் கெட்ட மனிதர் அல்ல. தன் பொக்கெட்டிலிருந்து இரண்டு பெரிய தலைத் தாளை எடுத்து வைத்தார். "இது என்ரை கைச்செலவுக்கு வச்சது. ரெண்டு மாத்தித் தாறன். மிச்சம் இருபத்து நாலும் நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை வேறையாய்க் கொண்டுவாங்கோ. இல்லாட்டி இருக்கிறதைத் தாங்கோ, கொண்டுபோறன். அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

விக்டோரியாவில் ரயில் மாறும்போது ஒரு காசு மாற்றும் கடைக்குப் போனாள். அங்கிருந்த பையன் மஞ்சள் மூலையைப் பார்த்து, நல்ல தாள்தானே, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டான். அவனிடம் பெரிய தலை இல்லை, புதன்கிழமை வரலாம். இந்தத் தாள்களை விற்று வேறு வாங்குவதானால் வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று, அதோடு பாஸ்போட். நாலு கடை பார்த்தாள். நாலாவது கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். இருபத்து நாலு தாளும் ஏப்ரனுக்கு உள்ளே, வயிற்றோடு ஒட்டி இருந்தன. மூன்றாம் மாடியில் இரண்டாவது அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது பட்டது. மேசையில் அந்த அறைக்காரர்கள் அவளுக்கென்று ஒரு டொலர் தாள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அமெரிக்கர்கள் அப்படித்தான் வைப்பார்கள். அவர்களுக்கு டொலர் என்பது மாற்ற வேண்டிய பொருள் இல்லை, வெறும் காசு. மூலை மஞ்சளானால் என்ன, பச்சையானால் என்ன?

ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: விருந்தினரோடு காசுப் பேச்சு எதுவும் கூடாது. மீறினால் அன்றோடு வேலை இல்லை. வேலையும் போய், கள்ளத் தாள் என்று யாராவது பொலிசைக் கூப்பிட்டால், ஹோம் ஒபிஸ் கோப்புக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் கட்டில் விரிப்பின் மூலைகளை மடித்துச் செருகினாள். நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, வேலைத் தாளில் அமெரிக்கர் என்றிருந்த முந்நூற்றுப் பதினெட்டாம் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

அங்கே வயதான ஒரு தம்பதி இருந்தார்கள். தவநாயகி ஒரு தாளை நீட்டி, "சேஞ்ச், பிளீஸ், மேடம்" என்றாள். கிழவி அன்பாகச் சிரித்து, பேர்ஸைத் திறந்து இருபது டொலர் தாள்களை எண்ணத் தொடங்கினாள்.

"நோ ஸ்மோல். சேம். சேம் ஹன்ட்ரட்."

கிழவிக்கு விளங்கவில்லை. கிழவர் எழுந்து வந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், உள்ளே தெரியும் நிழல் முகத்தைப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். ஒரு கடை நடத்தியவருடைய கை அது என்று தவநாயகி கண்டுகொண்டாள். மூலையைக் காட்டி இதென்ன என்று கேட்டார். மஞ்சளுக்கு அவளிடம் இங்கிலீஷ் இல்லை.

"சேர்ச்" என்றாள். "மை சேர்ச். கோட்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிழவர் சூட்கேஸைத் திறந்தார். அவரிடம் பெரிய தலை நாலு இருந்தது. நாலையும் தந்து மஞ்சள் நாலை வாங்கிக்கொண்டார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் வெளியே வந்து நாலு தாளிலும் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஏப்ரனுக்குள் வைத்தாள்.

முந்நூற்று இருபத்தேழில் தனியாக ஒரு மனிதன். எதையோ விற்கிறவன், மேசை நிறையக் கடதாசி. அவன் உடனே விளங்கிக்கொண்டான். விளங்கிக்கொண்டதுதான் பிழையாகப் போனது. தன்னிடம் இருந்த நாலை மேசையில் வைத்தான். பிறகு ஐந்து விரலை விரித்துக் காட்டினான். அவள் நாலு விரலைக் காட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே தாள்களை மீண்டும் பேர்ஸுக்குள் வைக்கப் போனான். தவநாயகி ஐந்து தாள் எண்ணிக் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு நாலாம் மாடிக்கு ஏறும் படியில் சரோஜினி மறித்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"கீழ டெஸ்க்ல ஒருத்தன் ஜோக் அடிச்சிட்டுப் போறான். உங்க கிளீனர் பேங்க் நடத்தறாங்களாம். ஆமாவா, இல்லையா?"

தவநாயகியின் கை ஏப்ரனின் மேல் போனது.

"அக்கா, அந்த நோட்டெல்லாம் யார் பாஸ்போர்ட்ல வாங்கினது? கள்ள நோட்டுன்னு ஒருத்தன் வாயத் திறந்தா முதல்ல என் வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. என் வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது."

"மஞ்சள் பட்டுட்டுது, சரோஜினி. அங்கை எடுக்கமாட்டாங்களாம்."

"எதுக்குன்னு சொல்லாதீங்கன்னு நான்தான் சொன்னேன்ல?" சரோஜினி படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "டெஸ்க்ல நான் பேசிக்கறேன். டிப்ஸ் மாத்தினாங்கன்னு சொல்றேன். ஆனா இதோட சரி. இனிமே என் பாஸ்போர்ட்டும் இல்ல, எந்த ரூம்லயும் போய்க் கேக்கவும் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க."

"இனிச் செய்யமாட்டன்" என்றாள் தவநாயகி. அதைச் சொன்னபோது உண்மையாகவே சொன்னாள்.

பின்னேரம் தோர்ண்டன் ஹீத்தில் பத்துத் தாளை இராஜேந்திரன் எண்ணிப் பார்த்து ஓர் உறைக்குள் வைத்தார். அவளிடம் மஞ்சள் பதினைந்து மிச்சம். "பத்து, வீட்டுக்காரனுக்குச் சரி" என்றார் இராஜேந்திரன். "குறூப்புக்குக் காணாது. நான் அவருக்கு விளங்கப்படுத்திறன்." செல்வமலர் பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தாள்.

மறுநாளுக்கு மறுநாளும், அதற்கு அடுத்த கிழமையும் அவள் டெலிபோன் எடுத்தாள். இரண்டாவது ஞாயிறுதான் பத்மநாதன் கிடைத்தார். பின்னால் சத்தம் குறைவாக இருந்தது.

"ஏழு பேர் போயிட்டினம்" என்றார். "இப்ப நாங்கள் அஞ்சு பேர்தான். வீடு பெரிசாய்க் கிடக்கு."

"பாஸ்போட் தந்திட்டானே?"

"தந்திட்டான். பொக்கெட்டுக்கைதான் வச்சிருக்கிறன். நேற்று ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தனான்."

"அங்காலை?"

"அங்காலை பொலிஸ் நிக்கும். விசா முடிஞ்சு வருசமாகப் போகுது. பாஸ்போட் இருந்தா ஆர் எண்டு தெரியும், அவ்வளவுதான். மஞ்சள் பூசினனீராம். இராஜேந்திரன் சொன்னவர்."

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

"அழாதையும். நானும் பூசியிருப்பன். நாயகி, மாசியிலை இன்னொரு குறூப்பாம். அதே ஆயிரத்து அறுநூறுதான் கேக்கிறான். இராஜேந்திரன் தை கடைசியிலை வருவார். மாசியை விட்டா, இந்தப் பாதையை மூடப்போறாங்கள் எண்டு கதைக்கிறாங்கள். மெய்யோ பொய்யோ தெரியேல்லை."

"என்னட்டைப் பதினைஞ்சு கிடக்கு, இன்னும் ஒண்டு சேத்தாச் சரி. மாத்தி அனுப்பிறன்."

"ஏலுமே?"

"ஏலும்" என்றாள். கார்டில் காசு முடிந்து லைன் அறுந்தது.

அந்தக் கிழமை முழுவதும் அவள் பாஸ்போட் உள்ள ஓர் ஆளைத் தேடினாள். வீட்டில் மற்ற அறைகளில் இருந்தவர்கள் எல்லோரிடமும் அவளிடம் இருந்த அதே கடிதம்தான் இருந்தது. கீழ்க்கடைக்காரர் குலசேகரம் நல்லவர், பாஸ்போட்டும் உள்ளவர். விஷயத்தைக் கேட்டதும் அரிசி விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கோயிலில் தெரிந்த ஒருவர் நூற்றுக்குப் பதினைந்து கேட்டார். பதினைந்து கொடுத்தால் மீண்டும் சேர்க்க ஆனி ஆகும்.

திங்கட்கிழமை காலை சரோஜினி வேலைத் தாளைக் கொடுத்தாள். யார் எந்த அறை, எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து என்று அதில் இருக்கும். சரோஜினி வழக்கம்போல, "நல்லாருக்கீங்களாக்கா?" என்றாள். "ஓம்" என்றாள் தவநாயகி. லிப்டுக்குள் போனதும் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். நானூற்று ஒன்பது: இருவர், சிக்காகோ. நானூற்றுப் பதினான்கு: ஒருவர், பொஸ்டன்.

வண்டியை நானூற்று ஒன்பதுக்கு முன்னால் நிறுத்தினாள். வாளி, துடைப்பம், புதிய துவாய்கள் எல்லாம் சரியாக இருந்தன. நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. ஏப்ரனின் மேல் கையை வைத்து உள்ளே தாள்கள் இருப்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லிக் கதவைத் தட்டினாள்.